வாசலில் நான் கொடுத்த வாக்கு

நீங்கள் எல்லாரும் தேர்வு எழுதி இந்த வெளியுறவுப் பணிக்கு வந்தவர்கள். நான் தேர்தலில் தோற்று வந்தவள். அதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

போன மாதம் உங்களில் நாலு பேர் ஒத்தக்கடையில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "மேடம், நெருக்கடி வரும்போது முதலில் என்ன செய்யணும்?" என்று ஒரு பெண் கேட்டாள். காபி ஆறுகிறது, குடியுங்கள் என்று பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலை நான் செய்த தவறிலிருந்துதான் தொடங்க வேண்டும், அன்றைக்கு அதற்கு மனசு வரவில்லை. எழுதுவதென்றால் கொஞ்சம் சுலபம். உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பரவைப் பக்கம் பிறர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. நான் படித்து வழக்கறிஞரானேன். பிறகு கட்சி. பேரூராட்சித் தலைவர், மாவட்டப் பொறுப்பு, ஒருமுறை சட்டமன்றம். அடுத்த தேர்தலில் நன்றாகத் தோற்றேன். தோற்றுப்போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவளை டெல்லிக்குக் கூப்பிட்டு, ஒரு சின்ன நாட்டுக்குத் தூதராகப் போகச் சம்மதமா என்று கேட்டார்கள். அந்த நாட்டின் பெயரை எழுத மாட்டேன். நம் ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

தூதரகத்தில் எனக்கு அடுத்த இடத்தில் ஓர் அதிகாரி இருந்தார். வடக்கே மலைப்பகுதிக்காரர், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். இன்னும் பணியில் இருப்பதால் அவர் பெயரும் வேண்டாம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவரிடம் கற்றதுதான். ஆனால் அவர் ஒருநாளும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை. நான் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வரப்போகிறதாம் என்பேன். "யார் சொன்னது, மேடம்?" என்பார். அமைச்சரை மாற்றப்போகிறார்களாம் என்பேன். "யார் சொன்னது, மேடம்?" முதல் மாதம் எரிச்சலாக வந்தது. மதுரையில் என்னிடம் அப்படிக் கேட்கிற ஆள் யாரும் இருந்ததில்லை. சில மாதங்களில், அவர் கேட்பதற்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். பழகிவிட்டதாக நினைத்தேன்.

மூன்றாவது ஆண்டில் கண் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் மதுரைக்கு வந்தேன். பழங்காநத்தத்தில் எங்கள் பழைய வீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அந்த அதிகாரி போன் செய்தார். நான் விடுப்பில் இருந்ததால் தூதரகப் பொறுப்பு முழுவதும் அப்போது அவரிடம்தான். அந்த நாட்டின் உட்பகுதியில் ஓர் ஊரை ஆயுதக் குழு ஒன்று பிடித்துவிட்டது, விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், அந்த ஊர் நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்த நம் ஆட்கள் ஐந்து பேரைப் பற்றித் தகவல் இல்லை என்றார்.

"அஞ்சு பேரும் உங்கள் மாவட்டம், மேடம்" என்றார்.

மதியத்துக்குள் ஐந்து குடும்பங்களும் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டன. அவர்களுக்கு டெல்லி தெரியாது, அமைச்சகம் தெரியாது. என் வீடு தெரியும். இருபது வருடமாக எந்தக் கஷ்டத்துக்கும் வந்து நின்ற வீடு. அவர்களுக்குப் பின்னாலேயே கட்சிக்காரர்களும் வந்தார்கள். பழைய வட்டச் செயலாளர் சேகர் பந்தல் போட ஆள் கூட்டி வந்துவிட்டார். நாற்காலி வந்தது, தண்ணீர் கேன் வந்தது, கடைசியில் டிவிக்காரர்களும் வந்தார்கள்.

"அக்கா, ஒரு வார்த்த சொல்லிருங்க. சனம் பயந்து கெடக்கு" என்றார் சேகர்.

வெளியே வந்தேன். முன்வரிசையில் பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் முத்தையா நின்றார். அவர் மகன் பாண்டி அந்த ஐந்து பேரில் ஒருவன். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "தாயி, எம்புள்ள உசுரோட இருக்கானா?" என்றார். அவருக்குப் பின்னால் எல்லாரும் அதையே கேட்டார்கள். ஏழெட்டு மைக் என் முகத்துக்கு நேராக வந்தது. எனக்குள் பழைய ஆள் எழுந்து நின்றாள்.

"நாளை மறுநாள் சாயங்காலத்துக்குள்ள உங்க வீட்டு ஆளுக அஞ்சு பேரும் பத்திரமான எடத்துக்கு வந்துருவாக. இது நான் குடுக்குற வாக்கு" என்றேன்.

கைதட்டினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். முத்தையா துண்டால் முகத்தைத் துடைத்தார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு நன்றாகவே இருந்தது. கூட்டத்தின் பயத்தை ஒரு வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்ட நிறைவு. மேடை ஏறியவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

யார் சொன்னது அந்தத் தேதியை? யாரும் சொல்லவில்லை. என் வாயில் அது தானாக வந்தது. விடுப்பில் இருக்கும் தூதர் பத்திரிகையாளரிடம் பேசவே கூடாது என்பது வேறு விஷயம்.

கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. முப்பத்தைந்து வயது இருக்கும், பெயர் ஹேமா. மகால் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு, சௌராஷ்டிரக் குடும்பம், தையல் யூனிட் ஒன்றில் சூபர்வைசர். அவள் கணவர் துளசிராம்தான் அந்த ஐந்து பேரில் மூத்த எலெக்ட்ரீஷியன். தூணில் சாய்ந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அந்த அதிகாரி மறுபடி அழைத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"உங்கள் பேச்சு இங்கேயும் வந்துவிட்டது, மேடம். நாளை மறுநாள் என்று நீங்கள் சொன்னதை அந்தக் குழு வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. அதற்குள் ராணுவம் உள்ளே வரப்போகிறது, அது இந்தியத் தூதருக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். வேலையாட்களின் போன்களை எல்லாம் பிடுங்கிவிட்டதாகக் கேள்வி."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், லைனில் இருக்கிறீர்களா?"

"இருக்கேன்" என்றேன்.

நான் சொன்ன நாள் வந்தது, போனது. ஐந்து பேரும் வரவில்லை. மறுநாள் காலை பந்தலில் இருந்த முகங்கள் மாறியிருந்தன. முத்தையா என்னைப் பார்த்துக் கும்பிடவில்லை. யாரோ ஒருவர் பின்னாலிருந்து, "எலெக்சன்ல சொன்ன மாதிரியே சொல்லிட்டாக" என்றார். சேகர் அவரை அதட்டப் போனார். நான் தடுத்துவிட்டேன். அந்த மனிதர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

மதியம் அதிகாரியின் போன் வந்தது. இந்த முறை அவர் குரலே வேறாக இருந்தது. அந்த நாட்டு ராணுவம் நீரேற்று நிலையத்தைக் குண்டு போட்டு மீட்கத் திட்டமிட்டிருக்கிறது. நம் ஆட்கள் ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைக்கப்பட்டிருப்பதாக அவர்களுக்குத் தகவல். நமக்கு ஆட்சேபம் இருந்தால் மறுநாள் காலை பத்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

"அவர்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது" என்றார். "ஆனால் யார் சொன்னது என்று என்னையே கேட்டால் பதில் இல்லை. அங்கே குடும்பத்தினர் யாருக்காவது ஏதாவது தெரியுமா, மேடம்?"

பந்தலுக்குப் போய்க் கேட்டேன். யாருக்காவது போன் வந்ததா, குறுஞ்செய்தி வந்ததா, கூட வேலை பார்த்தவர்கள் யாராவது பேசினார்களா? எல்லாரும் இல்லை என்று தலையாட்டினார்கள். கேட்டதற்குப் பதிலாக அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: உயிரோடு இருக்கிறார்களா? அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஹேமா அதைக் கேட்கவில்லை. வந்த நாளிலிருந்து அவளும் தினம் வருகிறாள், ஓரமாக உட்காருகிறாள், போகிறாள். முதல் நாள் அவள் முகத்தில் இருந்த பயம் இப்போது வேறு மாதிரி ஆகியிருந்தது. முதல் நாளுக்குப் பிறகு, கணவன் உயிரோடு இருக்கிறானா என்று ஒருமுறைகூட அவள் கேட்கவில்லை.

அவள் எழுந்து வீட்டுக்குப் போனதும், நான் பின்வாசல் வழியாக வெளியேறி ஓர் ஆட்டோ பிடித்தேன். சேகரிடமும் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு அந்தச் சந்துக்குள் நடந்து போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

திறந்தவள் திடுக்கிட்டாள். "வாங்க" என்றாள். உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அவள் உட்காரவில்லை.

"ஹேமா, துளசிராம் உன்கிட்டப் பேசுனாரா?"

"இல்லங்க."

"பேசியிருந்தா நீ சொல்ல வேண்டிய நேரம் இதுதாம்மா."

"இல்லைனு சொல்றேன்ல?"

ராணுவத்தின் திட்டத்தை நான் அவளிடம் சொல்லக் கூடாது. சொல்லாமலும் அவளை நகர்த்த முடியாது. பக்கத்து வீட்டில் யாரோ சௌராஷ்டிர மொழியில் குழந்தையை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்டச் சொல்ல ஏன் பயப்படுற?" என்றேன்.

அவள் நேராக என்னைப் பார்த்தாள். "உங்ககிட்டச் சொன்னா சாயங்காலமே டிவில வந்துரும். அன்னைக்கு மைக்கப் பாத்ததும் உங்க மூஞ்சி எப்படி மாறுச்சு தெரியுமா? எங்க ஆளுக்காகப் பேசுன மாதிரியே இல்ல."

என் அரசியல் வாழ்க்கையில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படி உள்ளே இறங்கியதில்லை.

"நீ சொல்றது சரிதான். அன்னைக்கு நான் சொன்ன தேதி பொய். எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதனால அங்க அவுகளுக்கு இன்னும் கஷ்டமாயிருச்சு."

"தெரியும்" என்றாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் நான் அதைப் பிடித்து இழுக்கவில்லை. வழக்கறிஞர் புத்தி இழுக்கத்தான் சொன்னது.

"இப்ப என்கிட்டத் தனியா ஒத்துக்கிட்டா ஆச்சா?" என்றாள். "நாலு பேரு முன்னாடி குடுத்த வாக்க நாலு பேரு முன்னாடியே திருப்பி வாங்கிக்கங்க. அதே மைக் முன்னாடி. அப்புறம் பாக்கலாம்."

திரும்பி வரும்போது ஆட்டோவில் எனக்கு வந்த யோசனைகளை மறைக்க விரும்பவில்லை. போலீஸ் கமிஷனரைக் கூப்பிட்டு அவள் போனை வாங்கிப் பார்க்கச் சொல்லலாம் என்று தோன்றியது. என்னால் முடிந்திருக்கும். ஆனால் அவள் போனில் என்ன இருக்கும்? ஓர் எண் இருக்கும். துளசிராம் என்ன சொன்னார் என்பது அவள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மிரட்டி வாங்கினால் பாதி உண்மைதான் கிடைக்கும். பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஐந்து உயிரைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டிவிக்காரர்களை நானே வரச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டதும் சேகர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, வேணாங்க்கா. இருபது வருசப் பேரு. ஒரு நிமிசத்துல போயிரும். தாமதமாகுதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"தாமதமாகுதுன்னு எனக்கு யாரு சொன்னது சேகர்?" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அதே வாசலில் நின்றேன். அதே மைக்குகள் நீண்டன.

"முந்தாநாளுக்கு முந்துன நாள் இங்க நின்னு உங்களுக்கு ஒரு தேதி சொன்னேன். அந்தத் தேதிய எனக்கு யாரும் சொல்லல. நானாச் சொன்னேன். உங்க ஆளுக எப்ப வருவாகன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசுனது தப்பு. என்னைய மன்னிச்சுக்கங்க."

பிறகு முத்தையா முன்னால் வந்தார்.

"அப்ப எம்புள்ள உசுரோட இருக்கானான்னாச்சும் தெரியுமா தாயி?"

"தெரியாதுய்யா."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல. நேத்து அவன் வந்துருவான்னு அவுக ஆத்தா மீனு வாங்கிக் கொழம்பு வச்சுட்டு வாசல்லயே உக்காந்திருந்தா. அம்புட்டு நேரம் உக்காந்திருந்தா தாயி."

டிவியில் அடுத்த அரைமணி நேரத்தில் "பல்டி அடித்த தூதர்" என்று ஓடியது. கட்சி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் ஹேமா நின்றாள்.

கதவைச் சாத்தினாள். "பம்ப் ஹவுஸ்லதான் இருக்காங்க" என்றாள். "அஞ்சு பேரும். அங்கயே படுக்க வச்சிருக்காங்க."

"பள்ளிக்கூடத்துல இல்லையா?"

"மொத நாள் மட்டும் அங்க வச்சிருந்தாங்களாம். நீங்க பேசுனதுக்கு அப்புறம் எல்லார் போனையும் வாங்கிட்டாங்க. இவரு இன்னொரு சின்ன போன மோட்டார் பேனல் பாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு. ரெண்டு தடவ பேசுனாரு. ஒரு நிமிஷந்தான். எங்க பாஷைலயே பேசுனாரு. காவலுக்கு நிக்கிறவன் ஏற்கெனவே இவங்ககூட வேலை பாத்த ஆளாம், தமிழ் புரியும். சௌராஷ்டிரம் எவனுக்கும் புரியாதுல்ல?" அவள் குரல் அங்கேதான் முதல்முறையாக உடைந்தது. "யார்கிட்டயும் சொல்லாத, டிவில வந்தா போனத் தேடுவாங்கனு சொன்னாரு. நான் என்னங்க செய்ய?"

அவளை உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு நிதானமாகக் கேட்டேன். அடிக்கிறார்களா? இல்லை. சாப்பாடு? கொடுக்கிறார்கள். பிறகு எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள்?

"அந்த மோட்டார ஓட்ட வேற யாருக்கும் தெரியாதாம். எஞ்சினியருங்க எல்லாம் ஓடிட்டாங்க. இவங்களும் போயிட்டா ஊருக்குத் தண்ணி நின்னுரும். ஆஸ்பத்திரிக்கும் அதே தண்ணிதான். அதான் விட மாட்டேங்கிறாங்க."

அதிகாரியை அழைத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"யார் சொன்னது, மேடம்?"

"அங்க இருக்குற ஒருத்தரோட மனைவி. அவரே அவகிட்டப் பேசியிருக்கார்."

"வேறு யாராவது உறுதி செய்தார்களா?"

"இல்ல."

"அந்தப் பெண்ணை நீங்கள் நம்புகிறீர்களா?"

"நம்புறேன்."

அவர் எதை எடைபோடுகிறார் என்று எனக்குத் தெரியும். பொறுப்பு அவர் கையில், கையெழுத்தும் அவருடையது. தகவல் தவறாக இருந்தால், ஒரு நாட்டு ராணுவத்தின் திட்டத்தைக் கெடுத்தவர் என்று அவர் வேலை அன்றோடு முடியும். பள்ளிக்கூடத்தில் உண்மையிலேயே ஐந்து பேர் இருந்திருந்தால் அதுவும் அவர் தலையில்தான். மூன்று நாளுக்கு முன்பு பொய்த் தேதி சொன்ன ஒருத்தியின் வார்த்தையை வைத்து அவர் முடிவெடுக்க வேண்டும்.

"இன்று நீங்கள் டிவியில் பேசியதைப் பார்த்தேன்" என்றார். "டெல்லியில் பேசிவிட்டு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கிறேன். போன் இருக்கும் விஷயம் டெல்லிக்கும் வேண்டாம், இங்குள்ள அரசுக்கும் வேண்டாம். 'எங்கள் குடிமக்கள் நீரேற்று நிலையத்துக்குள் இருப்பதாக நம்புகிறோம்' என்று மட்டும் எழுதுகிறேன். எப்படித் தெரியும் என்று கேட்டால், நான் சமாளிக்கிறேன்."

போனை வைத்த பிறகு இன்னொரு கஷ்டம். பந்தலில் முத்தையா அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் மகன் உயிரோடு இருப்பது இப்போது எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது. ஒரு வார்த்தை வெளியே போனால் அந்தப் போன் பிடிபடும். நான் ஜன்னலிலிருந்து அவரைப் பார்ப்பதை ஹேமா கவனித்தாள். வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஐயா, வீட்டுக்குப் போயிச் சாப்புடுங்க" என்றாள். "நான் இன்னைக்குச் சாப்புட்டேன்."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "சரித்தா, போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த நாட்களில் அவரும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ரகசியம் காக்கும் பயிற்சி உங்களுக்கு எத்தனை வாரம் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. அந்த இரண்டு பேருக்கும் யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் பத்து மணி ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. பதினொன்றரைக்கு அதிகாரி பேசினார். ராணுவம் நடவடிக்கையை நிறுத்தி வைத்துவிட்டது.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் வேலை முடியவில்லை. அந்தக் குழுவிடம் பேச வேண்டும். ஊர் ஆஸ்பத்திரியின் மருத்துவர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்தவர், அவர் மூலமாகப் பேசலாம் என்றார் அதிகாரி. எல்லாரையும் உடனே விடுதலை செய்ய வேண்டும் என்ற கோரிக்கையை எழுதி வைத்திருந்தார். எனக்குப் படித்துக் காட்டினார்.

இந்த இடத்தில் மட்டும் என் பழைய தொழில் கை கொடுத்தது. பேரூராட்சித் தலைவராக இருந்தபோது, காலிக்குடத்தோடு ரோட்டை மறித்த பெண்களிடம் பல தடவை பேசியிருக்கிறேன். முதலில் மறியலைக் கைவிடுங்கள் என்று ஆரம்பித்தால் ஒருத்தியும் நகர மாட்டாள். தண்ணீர் எப்போது வரும் என்பதில் ஆரம்பித்தால் மட்டும்தான் பேச்சே நடக்கும்.

"விடுதலைன்னு கேக்காதீங்க" என்றேன். "அந்த மோட்டார ஓட்டக் கத்துக்க எத்தனை நாள் ஆகும்னு கேளுங்க."

"புரியவில்லை, மேடம்."

"அவங்களுக்கு நம்ம ஆளுங்க வேண்டாம். தண்ணி வேணும். ஊர்க்காரங்க கொஞ்சம் பேருக்கு நம்ம ஆளுங்க சொல்லிக் குடுக்கட்டும். அவங்களே ஓட்டக் கத்துக்கிட்டதும் இவங்களை அனுப்பட்டும்."

அவர் சிரித்தார். நான் அவரை வாத்தியார் மாதிரி பார்த்துப் பழகியவள், அவர் சிரித்துக் கேட்டது அபூர்வம். "இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை" என்றார்.

மருத்துவர் போய்ப் பேசினார். அன்று மாலையே பதில் வந்தது: நாலு நாள். ஊர்க்காரர்கள் ஆறு பேர் கற்றுக்கொள்வார்கள். அதுவரை ராணுவம் வரக் கூடாது. அதற்கு அந்த அரசைச் சம்மதிக்க வைக்க அதிகாரி பட்ட பாடு ஒரு தனிக் கதை. அதை அவர்தான் சொல்ல வேண்டும், ஓய்வு பெற்ற பிறகு.

அந்த நாலு நாளும் நான் பந்தலில் குடும்பங்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய்ப் படுத்தால் ஓடி ஒளிவது போலத் தோன்றியது. "என்னாச்சு?" என்று கேட்டால், "வேலை நடக்குது, வேற எதுவும் சொல்ல முடியாது" என்றேன். முதல் நாள் முறைத்தார்கள். இரண்டாம் நாள் ஒரு பெண் எனக்கும் ஓர் இட்லிப் பொட்டலம் வாங்கி வந்தாள். தேதி சொன்ன என்னை நம்பாதவர்கள், தெரியாது என்று சொன்ன பிறகு மெல்ல நம்பத் தொடங்கினார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. இருபது வருட அரசியலில் இதை ஒருமுறைகூட முயன்று பார்க்காமல் இருந்துவிட்டேனே என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி ஒன்றில் ஐந்து பேரும் அந்த ஊர் எல்லையைத் தாண்டினார்கள். அதிகாரி அங்கே போய் நின்றிருந்தார். எனக்குப் போன் செய்து, போனை ஒரு பையனிடம் கொடுத்தார்.

"அக்கா, பாண்டி பேசுறேன். அப்பா இருக்காரா?"

நான் போனை முத்தையாவிடம் நீட்டினேன். அவர் காதில் வைத்துக்கொண்டு, "யே பாண்டி" என்றார். மூன்று தடவை "யே பாண்டி, யே பாண்டி" என்று மட்டும் சொன்னார். பந்தலே எழுந்து நின்றது. யாரோ சத்தம் போட்டு அழுதார்கள். சேகர் பட்டாசு வாங்க ஆளை விரட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "அக்கா, இப்பவாச்சும் மைக்ல பேசலாமா?" என்றார்.

"அவுக பேசட்டும்" என்று குடும்பங்களைக் கை காட்டினேன்.

எனக்கு அமைச்சகத்திலிருந்து கண்டனக் கடிதம் வந்தது. விடுப்பில் இருந்தபோது அனுமதியின்றிப் பத்திரிகையாளரிடம் பேசியது பற்றி இரண்டு பக்கம். ஒவ்வொரு வரியும் நியாயம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அது ஐந்து சாவுச் செய்தியாக வந்திருக்கலாம், ஒரு கடிதமாக வந்தது.

இனி, உங்களில் ஒருத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். நெருக்கடியில் உங்களைச் சுற்றி நிற்பவர்கள் உங்களிடம் உறுதியான ஒரு சொல்லைக் கேட்பார்கள். உங்களிடம் அது இருக்காது. இல்லை என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு அங்கிருந்து போய்விடாதீர்கள். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது அந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம், அவர்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்த ஐந்து பேரும் வந்து இரண்டு வாரம் கழித்து, நான் வேலைக்குத் திரும்புவதற்கு முன் ஹேமா வீட்டுக்குப் போனேன். துளசிராம் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் போன் அடித்தது. எடுத்தவர் எங்களைப் பார்த்துப் பேசாதீர்கள் என்று கை காட்டினார். ஏதோ வேற்று மொழியில், பாதி பேச்சும் பாதி சைகையுமாக, நாலு வார்த்தை பேசினார். பிறகு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரு?" என்றேன் மெதுவாக.

ஹேமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிடிச்சு வச்சிருந்தாங்கள்ல, அவங்கதான். மோட்டார்ல ஏதோ சத்தம் வருதாம். இவருக்கு அந்தச் சத்தத்தப் போட்டுக் காட்டுறாங்க."

துளசிராம் கண்ணைத் திறந்தார். "பேரிங்கு" என்றார், போனுக்கு. ரெண்டு தடவை அழுத்திச் சொன்னார். எதை நிறுத்த வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்று அவர்கள் மொழியில் விளக்கத் தொடங்கினார். வார்த்தை கிடைக்காத இடத்தில் விரல்களால் காற்றில் திருகிக் காட்டினார், எதிராளி பார்க்க முடியாது என்பதை மறந்துபோய். அரைமணி நேரம் ஆயிற்று. காபி ஆறிப்போனது. ஹேமா வேறு காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

கடைசியில் அவர் போனை எங்கள் பக்கம் திருப்பி ஸ்பீக்கரில் போட்டார். தொலைவில் ஒரு மோட்டார் ஓடும் சத்தம், சீராக.

"ஏறிருச்சுங்க" என்றார் துளசிராம். "தண்ணி ஏறுது."